பதிவெண்

மின்கட்டண ரசீதின் பின்புறம்
கையெழுத்துப் பழகினேன்:
ரெக்சலின் அமலோற்பவம்.
கவுன்சில் படிவத்தின் கட்டத்துக்குள்
'அமலோற்ப' வரைக்கும்தான் இடம்.
மிச்சத்தை மேலேற்றி, வளைத்து
மாட்டு வால்போலத் தொங்கவிட்டேன்.
"கோட்டத் தாண்டுதும்மா" என்றார் குமாஸ்தா.

ஐந்தரை வருடம் குரும்பாபேட்டில்
தோள்வரை உறை மாட்டி,
முன்னங்காலா பின்னங்காலா என
இருட்டுக்குள் விரலால் வாசித்திருக்கிறேன்.
இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால்.
அது இந்த மேசைக்குத் தேவைப்படவில்லை.
சான்றொப்பமிட்ட நகல் மூன்று,
இரண்டு காதும் தெரியும் புகைப்படம் இரண்டு.
"மாட்டுக்கும் காதுதான் அடையாளம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிறகு நாற்பத்தேழு நாள்.

அரியாங்குப்பம் கிளினிக்கில்
நாயைப் பிடித்துக்கொள்ளும் ஆள் நான்.
நகம் வெட்டலாம். எடை பார்க்கலாம்.
சீட்டு எழுதக் கூடாது.
பக்கத்து வீட்டுக் கோதண்டம்
பூனையைச் சாக்கில் தூக்கி வருவார்:
"டாக்டரு, ஒரு மருந்து எழுதிக் குடேன்."
தெரு முழுக்க எனக்கு டாக்டர் என்றே பேர்,
கடிதாசியைத் தவிர.
பூனைக்கு என்ன நோவு என்று தெரியும்.
தெரிந்தபடி வாயை மூடிக்கொண்டிருப்பது
எந்தப் பருவத்திலும் பாடமாக இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எண் வந்தது.
நான்கே இலக்கம்.
வண்டியை அப்படியே திருப்பி
பெரிய மார்க்கெட் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் கடை.
"மனுச டாக்டரா?"
"மாட்டு டாக்டர்."
"அப்ப சின்ன எழுத்தே போதும்."
போதவில்லை.
என் பேர் இரண்டு வரியாகப் போனது,
எண் கீழே தனியாக,
கொஞ்சம் சாய்ந்து.

முதல் முத்திரை
ஏதாவது தடுப்பூசி அட்டையில் விழும்,
குட்டி நாய் ஒன்று அதை நக்கும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

குருவிநத்தம். காலை ஆறரை.
தென்பெண்ணைப் பக்கம் வேலியோரம்
அஞ்சலாட்சியின் கலப்பின ஜெர்சி,
இடப்பக்கம் பானையாய் உப்பி,
நாலு காலும் விறைத்து.
கல்யாண மண்டப மிச்சச் சோறு.
முந்தாநாள் ராத்திரி இரண்டு அன்னக்கூடை.
"ஆசையாத் தின்னுச்சும்மா" என்றாள்,
அது தன் குற்றமா என்று கேட்பதுபோல.

கத்தியை வைத்தேன்.
புளித்த வாடை முகத்தில் அடித்தது.
சோறு, சோறு, சோறு.
வாழையிலைத் துண்டுகள்.
சுருண்டிருந்த தாம்பூலப் பை ஒன்றை
வாளித் தண்ணீரில் அலசினேன்.
மணமகன் பேர் அழிந்திருந்தது.
மணமகள் பேர் இருந்தது, பி.எஸ்ஸி.யோடு.

காப்பீட்டுக்காரருக்குப் படிவம்.
இறந்த நேரம். இறந்த காரணம்.
காதைத் தோட்டோடு அறுத்து இணைக்க வேண்டும்.
மஞ்சள் தோட்டில் பன்னிரண்டு இலக்கம்;
ஒவ்வொன்றாய்ச் சத்தமாகப் படித்தேன்,
அஞ்சலாட்சியின் மகன் சரிபார்த்தான்.
ஏழா ஒன்றா என்று ஓரிடத்தில் தகராறு.
எச்சில் தொட்டுத் துடைத்தான். ஏழு.

நோய்முடிவைச் சீராக எழுதினேன்.
பேரைப் போடும்போது கை நின்றது.
பழகியது அத்தனையும் மறந்து
பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல்
எழுத்துக்கூட்டி எழுதினேன்.
முத்திரையை ஊதிவிட்டு அழுத்தினேன்.
ஊதா மை. ஓரத்தில் கொஞ்சம் ரத்தமும்.

அஞ்சலாட்சிக்குப் படிக்கத் தெரியாது,
எண்கள் தெரியும்.
தாளைத் தலைகீழாக வாங்கி,
திருப்பி,
விரல் வைத்து மேலே ஒன்று கீழே ஒன்று பார்த்தாள்.

"இதுல மாடு எது, நீ எது?"

நீளமானது மாடு என்றேன்.

தலையாட்டினாள்.
கட்டுத்தறியில் கன்று கத்தியது.
அதற்கு இன்னும் தோடு போடவில்லை.
கை கழுவ
இன்னொரு வாளி தண்ணீர் கேட்டேன்.