இரண்டாவது வளைவு

அனுமதிச் சீட்டில் ‘எத்தனை பேர்’ என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
காவலர் ஜெனோன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்,
காரைப் பூட்டிவிட்டு இன்னொருவர் வருவார் என்பதுபோல.
வரவில்லை.
முத்திரை குத்தினார்.
“உண்ணி ஜாஸ்தி, போக்னா அம்மா.
பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.
மூஸ் மான் எதிரே வந்தால்
நீங்கள்தான் வழிவிட வேண்டும்.”

இருவருக்கான கூடாரம்.
சோகம் ஒன்றுமில்லை.
ஒருவர் கூடாரத்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, அவ்வளவுதான்.

பியெப்ஷா ஓடுவது கண்ணுக்குத் தெரியாது.
காலையில் படகுத்துறையோரம் கிடந்த கொக்கின் இறகு
மத்தியானம் வளைவைத் தாண்டியிருந்தது.
அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
மே மாதக் கடைசி.
வெள்ளம் வடிந்த புல்வெளியில் கணுக்கால்வரை ஈரம்.
அடிப்பிடித்த பக்வீட் கஞ்சி,
புளிக்கவைத்த வெள்ளரி,
விரல் கனத்துக்கு வெட்டிய கம்புரொட்டி.
கொசுக்களுக்கு நான்.

இருட்டியதும் புல்லுக்குள் ஒரு பறவை
சீப்பின் பற்களை நகத்தால் இழுப்பதுபோல்
கிரெக்ஸ் கிரெக்ஸ், கிரெக்ஸ் கிரெக்ஸ்.
முந்நூறுவரை எண்ணினேன்.
அதற்கு மூச்சு வாங்கவில்லை,
எனக்கு வாங்கியது.

பதினொரு வருடமாக பியவிஸ்தொக்கில்
அவசர அழைப்புகளை எடுக்கிறேன்.
நெஞ்சுவலி, சமையலறைத் தீ, மாடிப்படியில் கிடக்கும் அண்டை வீட்டுக்காரர்,
கதவை உதைக்கும் கணவன்.
அழுகிறவர்கள் முகவரியைக் கடைசியில்தான் சொல்வார்கள்.
அதனால் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்:
எங்கே இருக்கிறீர்கள்?

பிப்ரவரியில் ஒருவர்.
பெயர் சொல்லவில்லை.
பின்னால் தண்ணீர்ச் சத்தம்.
எந்தப் பாலம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள்
தண்ணீர்ச் சத்தமும் இல்லை.
பதிவை நான்கு முறை போட்டுக் கேட்டார்கள்.
ஓசையை வைத்து ஓர் ஆற்றுக்குப் பெயர் வைக்க முடியாது.
ஐந்தாம் முறை
எல்லோரும் போன பிறகு நான் கேட்டேன்.

இந்த ஆற்றுக்குச் சத்தமே இல்லை.
அதற்காக வந்தேன் என்று சொன்னால்
பாதி உண்மை.

இரண்டாம் இரவு
தண்ணீரில் பளாரென்று ஓர் அறை.
எழுந்து உட்கார்வதற்கு முன்பே
வாய் முந்திக்கொண்டது:
“எங்கே இருக்கிறீர்கள்?”
தெளிவாக, பதறாமல்,
பயிற்சியில் பழகிய அதே குரலில்
இருட்டைக் கேட்டேன்.

தவளைகள் நிறுத்தின.
சீப்புப் பறவை நிறுத்தியது.
நாணல்கூட ஒன்றோடொன்று உரசவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு பீவரின் ஈரத் தலை,
பின்னால் விரியும் நீர்க்கோடு.
வாலால் ஆற்றை அறைந்து
வீட்டாருக்கு ஆபத்து என்று சொல்லியிருக்கிறது.
ஆபத்து
நீல நிறக் கூடாரத்தில்
கம்பளிக் குல்லாவுடன் உட்கார்ந்திருந்தது.

சிரித்தேன்.
கூடாரத் துணியில் கோர்த்திருந்த பனி
கழுத்தில் சொட்டியது.
பிறகு கொஞ்சம் அழுதேன்,
முகவரி சொல்லாமல்.

பறவை திரும்பத் தொடங்கியபோது
மணி இரண்டே முக்கால்.
கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது.
இந்தமுறை எண்ணவில்லை.

மூன்றாம் காலை
மூடுபனிக்குள் வயிறளவு நீரில் மூஸ் மான்.
வாயிலிருந்து பாசி வழிய
அவசரமில்லாமல் மென்றது.
வெறும் கெண்டியோடு கரையில் நின்றேன்.
தேநீர் நாற்பது நிமிடம் தாமதம்.
வழிவிட்டேன் என்று ஜெனோனிடம் சொல்ல வேண்டும்.

திரும்பக் கொடுக்கும் சீட்டில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம்.
‘ஒரு பீவர் என்மேல் புகார் செய்துள்ளது’
என்று எழுதினேன்.
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை இறக்கி, சுவரில் இருந்த வரைபடத்தின் பக்கம் திரும்பி,
பென்சிலைக் கூர்பார்த்துக்கொண்டு கேட்டார்:
“எங்கே?”

படகுத்துறைக்குக் கீழே, என்றேன்.
இரண்டாவது வளைவு.
தண்ணீர்மேல் சாய்ந்த வில்லோவுக்கு
நேர் எதிரே.