தண்ணிக் கழிவு

இலை எடை போடும் கொட்டகையில்
பெட்டியைக் கொக்கியில் மாட்டினோம்.
இருபத்து மூன்றரை.
“மழை நாளு. ஒன்றரை கிலோ தண்ணிக் கழிவு.
கணக்குக்கு இருபத்திரண்டுதான்” என்றார் போஜன்,
காதில் சொருகிய பேனாவை எடுக்காமலே.
ஏர்போர்ட்டில் அப்படிக் கழிப்பார்களா தெரியவில்லை.
எந்த ஏர்போர்ட் என்பதும் தெரியவில்லை.

சித்திரையில் கொச்சி என்றார்கள்.
ஆனியில், சென்னையாக இருக்கலாம் என்று.
நேற்று கோயம்புத்தூரிலிருந்து ஷைனி மேடம்
“ரெடியா இருங்க, ஆனா எதையும் விட்டுடாதீங்க” என்றாள்.
விட்டாயிற்று.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் என் ராத்திரிகளை
இப்போது வேறொருத்தி பார்க்கிறாள்.
அவள் லீவு போடும் நாளில் கூப்பிடுகிறார்கள்.
எனக்குக் கேக் வெட்டிய அதே மேசையில்
ஊசிகளை எண்ணி வைக்கிறேன்.
வழியனுப்பிக் கொடுத்த கடிகாரத்தில்
மால்ட்டா நேரம் வைத்திருக்கிறேன்.
மணி என்னம்மா என்று கேட்கும் நோயாளிக்கு
மூன்றரை கூட்டிச் சொல்வதற்குள்
அவர் தூங்கிவிடுகிறார்.

ஆடிச் சாரலில் பெட்டிக்குள் பூஞ்சை.
எல்லாவற்றையும் வெளியே எடுத்து
அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தேன்.
வெள்ளை யூனிஃபார்ம் இரண்டிலும் சாம்பார் வாசம்.
பாஸ்போர்ட்டும் சர்ட்டிபிகேட்டும்
அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக.
உலை வைக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகின்றன.

மெடிக்கல் தொண்ணூறு நாள் செல்லும்.
இன்னும் பதினெட்டு இருக்கிறது.
கீழ்ப்பாத்தியில் கேரட் போடட்டுமா
என்று தவசீலன் கேட்டான்.
அதற்கும் ஏறக்குறைய தொண்ணூறு.
யார் களை எடுப்பது, யார் பிடுங்குவது,
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் போய்ப் பார்த்தால்
பாதிப் பாத்தி விதைத்திருந்தான்.

ரேஷன் வரிசையில் எமில்டா அக்கா,
“இன்னும் போகலையா?”
“போய்ட்டு வந்துட்டேன்க்கா.”
எப்ப என்று கேட்டாள், நிஜமாகவே.

பஸ் திரும்பும் வளைவில் மட்டும்தான் மெயில் வரும்.
சாயங்காலம் அங்கே நின்று
ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கிறேன்.
கை காட்டுகிறேன் என்று நினைத்து
கீழ்க்கோத்தகிரி பஸ் நின்றது, முதல் வாரம்.
இல்லைங்க, நீங்க போங்க.
இப்போதெல்லாம் கண்டக்டர் விசில்கூட ஊதுவதில்லை.
பனிமூட்டத்துக்குள் விளக்கு மட்டும்
கொஞ்ச தூரம் மஞ்சளாகப் போகிறது.

ராத்திரி குளிர் எலும்பில் ஏறியது.
இருக்கிற ஒரே நல்ல ஸ்வெட்டர் பெட்டியில்,
அடியில், பிரஷர் குக்கருக்கும் கீழே.
பூட்டைத் திறந்த சத்தத்தில்
தவசீலன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.
“வந்துடுச்சா?”
“ஸ்வெட்டர்தான்.”
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.
பிறகு போர்வையில் பாதியை
என் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தான்.