பந்தியில் இன்னும் இரண்டு பேர்

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைக் கோட்டுக்குள் வைத்து
சுடச்சுட வாங்கிய ரொட்டியைப்போல் கொண்டுவந்தேன்.

டான்கா வாசலிலேயே கேட்டாள்:
"ஆறு எட்டானால் வேகம் எவ்வளவு கூடும்?"
அவளுக்குக் கணக்கு சுலபம்.
ஆறு துடுப்புப் படகில் இன்னும் இரண்டு துடுப்பு.

நீரிணையின் அடியில் தொங்கும் மைக்குகள்
பதினோரு வருடம் கேட்டதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்:
கூன்முதுகுத் திமிங்கிலங்கள், கப்பல் விசிறிகள்,
ஒரே ஒரு முறை
யாரோ கைதவறவிட்ட நங்கூரம்.

செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.
அதன்பின் நாற்பத்தொரு மணி நேரம்
பெட்டி தன் சாமான்களைத் தானே இடம் மாற்றியது,
குடியிருந்தபடியே வீட்டை இடித்துக் கட்டுபவரைப்போல.
இருந்த வேகமும் போயிற்று.
ரெமிஹியோ ஒரு பதிவைத் திறக்கச் சொல்லிவிட்டு
மாத்தே இலைத் தேநீர் போட்டு,
குடித்து, கோப்பையைக் கழுவித் திரும்பினார்;
திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
"கூட்டினால் குறையும் என்று
எந்தப் பள்ளியில் படித்தாய்?"
நான் சதவீதத்தைப் பார்த்தேன்.
முப்பத்தேழு.

மூன்றாம் நாள் முடிந்தது.
ஆறு மணி நேர ஒலிப்பதிவு
மதகு திறந்த தண்ணீராய் வந்தது,
எட்டும் ஆளுக்கொரு துண்டு நீட்ட.
ரெமிஹியோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
அவர் பாராட்டு அவ்வளவுதான்.

டான்காவின் வேலை வேறு.
ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சிறு சீட்டு:
தாய். கன்று. தெரியவில்லை.
'தெரியவில்லை'யைக் 'கன்று' ஆக்க
பழையதைப் படிக்க வேண்டும்,
காவலுக்கு வைத்த இரண்டு கணக்கையும் படிக்க வேண்டும்,
மூன்றையும் திருத்தி எழுத வேண்டும்.
ஒரு சொல்லுக்கு ஆறு நடை.
நூறு பேர் ஒரே சமயத்தில் எழுதினால் பலன் தெரியும்.
அவள் ஒருத்தி.
ஒன்றன்பின் ஒன்றாக.

போதாததற்கு நான்காவது டிஸ்க்,
எல்லாவற்றிலும் பழசு.
எட்டும் தந்தால்தான் ஒரு வரி முழுதாகும்.
பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை
யாரும் இலையை மூடுவதில்லை.
புதிதாய் இருவர் வந்து உட்கார்ந்தும்
கண்ணெல்லாம் அந்த ஒரு கையின்மேல்.

"அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?"
"இடம் இருக்கிறது," என்றேன்.
"இன்னும் நாலு வருடம் கேட்கலாம்."
அவள் அதைக் கொஞ்ச நேரம் மென்றாள்.
நான்காவதற்கு மாற்று எழுதிப்போட
ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள்.

ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.
கயிற்றைப் பிடித்து வரிசையாகப் போனோம்.
முன்னால் ஒருவர்
அவிழ்ந்த ஷூவைக் கட்டக் குனிந்தார்.
பின்னால் அத்தனை பேரும் காற்றில் நின்றோம்.
டான்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.