பெருக்கல் குறி

அரிச்சந்திரா ஆற்று ரெகுலேட்டரில்
லஸ்கர் பக்கிரிசாமியின் சைக்கிள் சாய்ந்திருக்கும் இலுப்பை.
அதன் இரண்டாம் கவையில், ஆள் உயரத்துக்கு மேலே,
வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு
ஒரு மரவாழை.
வாண்டா, வழக்கமானது என்றுதான் எழுதப் போனேன்.
பூ விரிந்த அன்று பேனாவை மூடிவிட்டேன்.

இதழில் கட்டம் இருந்தது, ரப்பர் பட்டு அழிந்த கட்டம்.
உதட்டில் ஊதா, நுனியில் மட்டும்.
அகலம் பதினாலு மில்லிமீட்டர்.
கட்டம் போட்டவளுக்குப் பதினேழு,
மலைப்பக்கத்து மஞ்சள்காரிக்குப் பதினொன்று.
அளந்ததெல்லாம் நடுவில் வந்து நின்றது,
மணம் தவிர.
சாயங்காலம் நாலு மணிக்கு,
ஷட்டரில் கிரீஸ் தடவும் நேரத்தில்,
இரண்டு வீட்டிலும் இல்லாத ஒரு மணம்
(லவங்கமா, ஈர நெல்லா)
யாரையும் கேட்காமல் இறங்கி வரும்.

"கலப்பினம்" என்றேன்.
"ஜெர்சி மாடு மாதிரியா?"
"ஊசி இல்லாமல். வண்டு பார்த்து முடித்தது."
"அப்ப ஓடிப்போன கேஸு" என்று
காதிலிருந்து பீடியை எடுத்தார் பக்கிரிசாமி.

கட்டம் போட்டவள் தாலுகா முழுக்க இருக்கிறாள்
புளியில், மாவில், தண்டவாளத்து ஓரப் பூவரசில்.
மஞ்சள்காரியைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன்.
முள்ளியாற்றங்கரை, சுடுகாட்டு ஆல்,
ஆலத்தம்பாடி ஸ்டேஷன், பூட்டிய அரிசி மில்.
ஒரு விறகுக் கடைக்காரர் சொன்னார்:
"கஜாவுல விழுந்த மரத்துல மஞ்சளா ஏதோ இருந்துச்சு.
சித்திரை வரைக்கும் கிடந்துச்சு மரம்.
படுத்துக்கிட்டே பூத்துச்சு.
அப்புறம்தான் அறுத்தோம்."

சட்டம் இருக்கிறது இதற்கும்.
இரண்டு பெற்றோர் பெயர், நடுவில் பெருக்கல் குறி.
தாய் எது, தந்தை எது தெரியாவிட்டால் அகரவரிசை.
என் சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க வந்த ஆர்.ஐ.
அகரவரிசை பார்க்கவில்லை.
அம்மா பக்கம் ஒரு கோடு இழுத்தார்.

இன்னாருடைய பிள்ளை என்பதோடு நிறுத்திக்கொண்டால்
செடியைத் தொட வேண்டாம்.
அதற்கென்று ஒரு பெயர் வேண்டுமென்றால்
வெட்டி, நசுக்கி, உலர்த்தி, அட்டையில் தைத்து
ஏதோ ஓர் அலமாரியில் சாட்சியாக ஒப்படைக்க வேண்டும்.
இருப்பது ஒரே செடி. இரண்டு கொத்து.

திருச்சியிலிருந்து ஞானசௌந்தரி மேடம்:
"காலேஜ் நிறுவனர் பேரை வச்சிடு,
வேலை நிரந்தரமாகும்."
ஏழு வருடமாக நான் கௌரவ விரிவுரையாளர்.
மே மாதம் கௌரவத்துக்குச் சம்பளம் கிடையாது.
இது மே மாதம்.

ஏணியைப் பிடித்துக்கொண்டார் பக்கிரிசாமி.
கத்தியை வைக்கும்போது கீழிருந்து கேட்டார்:
"பேரு வச்சா மரத்துக்கு நம்பர் போடுவாங்களா மேடம்?
கரையில நம்பர் போட்ட மரம்தான் முதல்ல விழுது."
எனக்குத் தெரியவில்லை.
ஒரு கொத்தை மட்டும் எடுத்தேன், ஏழு பூ.
மற்றதை வண்டுக்கு விட்டேன்.

நெல் கொள்முதல் விலை அச்சான பக்கத்தில் வைத்து
பலகைகளை இறுக்கினேன்.
மறுநாள் நாலு மணிக்குத் தாளைப் பிரித்துப் பார்த்தேன்.
ஊதா இருந்தது.
நாலரை வரை உட்கார்ந்திருந்தேன்.
மணம் வரவில்லை.

லேபிளில் பென்சிலால்
இடம், தேதி, மரம், தரையிலிருந்து உயரம்.
உள்ளூர்ப் பெயர் என்ற கட்டத்தில்:
ஓடிப்போனது. சொன்னவர், ல. பக்கிரிசாமி.

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு எதிரே
டிடிபி கடைப் பெண் திரையில் விரல் வைத்தாள்.
பின்னால் வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு பேர் நின்றார்கள்.
"அக்கா, இது பெருக்கலா, தப்பா?"
"பெருக்கல்."
"அதுக்கு அப்புறம் காலியா இருக்கே?"
"இருக்கட்டும்" என்றேன்.
கர்சர் அங்கேயே
மினுக்கிக்கொண்டிருந்தது.