பச்சை அட்டை

நாளை விடிகாலை நாலரைக்கு ஆறு வண்டிகள்.
இன்றிரவு ஹுஹுயில், தெல்ஃபினின் கொட்டகையில்
தார்ப்பாய் விரித்து
அவரவர் மூட்டையை அவரவர் கொட்டியிருக்கிறோம்.
ட்யூப், க்ளட்ச் கம்பி, சங்கிலிக்கு ஒரு கண்ணி,
கம்பளி உள்ளாடை ஒன்று
(தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை),
ஐந்து லிட்டர் கேன்கள், காலியாக.
ஹாமாவில் பங்க் உண்டு.
பங்க்கில் பெட்ரோல் உண்டா என்பது
அங்கே போய்த்தான் தெரியும்.

"நாலாயிரத்து இருநூறு மீட்டர்" என்கிறான் தெல்ஃபின்,
கார்புரேட்டர் ஜெட்டைப் பல்லிடுக்கில் கவ்வியபடி.
"வண்டிக்கு மூச்சு முட்டும். உங்களுக்கும்.
முதலில் யார் இருமுவது என்று பந்தயம் வைக்கலாம்."

சுவரில் க்ரிசெல்டா சாக்பீஸால் எழுதுகிறாள்,
சிலிக்குள் கொண்டுபோகக் கூடாதவை:
பழம். தேன். பாலாடைக்கட்டி. கோக்கா இலை.
கடைசிச் சொல்லில் எல்லோரும் திரும்பி
ஆனக்லெத்தோவின் வீங்கிய கன்னத்தைப் பார்க்கிறோம்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர்; இருபது வருடமாக
அந்தக் கன்னம் வற்றி யாரும் பார்த்ததில்லை.
"கோடுவரை மெல்வேன்" என்கிறார்.
"கோட்டில் துப்புவேன்.
எந்த நாட்டில் விழும் என்பது காற்றின் பாடு."

சிரிக்கிறார்கள்.
எனக்குச் சிரிப்பு அரைவாசிதான் வருகிறது.

என் வண்டியின் பச்சை அட்டையில்
உரிமையாளர் என்ற இடத்தில்
ரொசெந்தோ கிபில்தோர் என்றிருக்கிறது.
பிரிந்தபோது அவன் ஃப்ரிட்ஜை எடுத்தான், நான் வண்டியை.
பெயர் மாற்றக் கட்டணம் அதிகம் என்று
ஒவ்வொரு சம்பளத்திலும் தள்ளிப்போட்டதில்
நாலு வருடம் ஓடிவிட்டது.
உள்ளூர்ப் போலீசுக்கு அது போதும்.
எல்லைக்குப் போதாது:
உரிமையாளர் சம்மதம், நோட்டரி முத்திரையுடன்.

மத்தியானம் பால்பலாவுக்குப் போனேன்.
முட்டைக் கிடங்கில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
குனிந்து சங்கிலியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.
"இறுக்கி வைத்திருக்கிறாய்.
மூட்டை ஏறினால் இன்னும் இறுகும்.
ஒரு விரற்கடை விடு."
பிறகு கை கழுவப் போனான்.

நோட்டரி அறையில் ஒரு பெண் வாசித்தாள்:
மேற்படி வாகனம் நாட்டைவிட்டு வெளியேறவும்
திரும்பி வரவும்
உரிமையாளர் சம்மதிக்கிறார்.
"ஓட்டுபவர் உங்களுக்கு என்ன உறவு?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"வண்டியைத் தெரியும்" என்றான்.
அவள் அதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
கையெழுத்தின் நடுவில் பேனா ஒருமுறை நின்றது.
மை நின்றதாகவும் இருக்கலாம்.

இப்போது மணி பதினொன்றே முக்கால்.
க்ரிசெல்டா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி,
பொடி எழுத்துக்கென்றே பிறந்தவள்.
என் காகிதத்தை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து
இன்ஜின் எண்ணோடு ஒத்துப் பார்க்கிறாள்.
"கடைசி எண், இன்ஜினில் எட்டு.
காகிதத்தில் மூன்று."
கொட்டகை அடங்கிவிட்டது.
தெல்ஃபினின் வாயிலிருந்து ஜெட் நழுவி
டின்னுக்குள் விழுந்த சத்தம் மட்டும்.

மறுபடி பால்பலா. மறுபடி முட்டைக் கிடங்கு.
நோட்டரி ஒன்பதுக்குத்தான் திறப்பார்.
"நீங்கள் கிளம்புங்கள், நான் பின்னாலேயே..."
என்று தொடங்குகிறேன். கேட்பதற்கு ஆளில்லை.
ஆனக்லெத்தோ முற்றத்துக்குப் போய்
ஒரு பிடி சேறு அள்ளிவந்து
கிரீஸில் பிசைகிறார், நிதானமாக,
காலை ஆறரைக்கு நாற்பது பிள்ளைகளை
ஏற்றி இறக்கிப் பழகிய நிதானம்.
சுண்டுவிரல் நுனியால்
அந்த எட்டின் இடப்பக்கத்தை மட்டும்
மேலும் கீழும் அடைக்கிறார்.
"இப்போது வாசி."

மூன்றுதான்.

"மழை பெய்தால்?"
"அங்கேயா?" என்கிறான் தெல்ஃபின்,
டின்னுக்குள் கைவிட்டு ஜெட்டைத் துழாவியபடி.
"பனி கொட்டினால்?"
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
முந்நூறு சொச்சம் கிலோமீட்டர்
உதிராமல் இருக்கவேண்டும்.

பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து
பின்சக்கரத்தருகே உட்கார்கிறேன்.
ஒரு விரற்கடை.