ரிக்கற் இலக்கம் பத்தொன்பது

கந்தோர்ப் புத்தகத்தின்படி
நான் யுத்தத்தில் செத்தவன்.
முல்லைத்தீவுக்குக் கிழக்கே, சித்திரை மாதம்,
எலினோர் கப்பலோடு.

பதினாலு வருசம் எங்கள் கரையோரம் ஓடின நீராவிக் கப்பல்.
எலினோர் என்று வாய்க்கு வராத சனம்
எல்லினாச்சி என்றது.
ஒரு பக்கம் சரிந்த புகைக்கூடு, கறள் பிடித்த வயிறு.
மேல்தட்டில் துரைமார்.
கீழே புகையிலைச் சிப்பங்களும் நாங்களும்.
அலை ஏறினால் படங்கை
முதலில் சிப்பத்துக்குத்தான் மூடுவார்கள்.

யுத்தம் வந்ததும் வெள்ளையை அழித்துச்
சாம்பல் நிறம் பூசினார்கள்.
விளக்கில்லாமல் ஊர்காவற்றுறையை விட்டுப் போகும்,
இராவில் ஒரு துண்டு இரா நகர்வதுபோல.

அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்.
கன்னம் வீங்கித் துறைமுகப் படியில் குந்தியிருந்தேன்.
"அண்ணை, ரிக்கற்றை விக்கிறியளோ?"
நாலரை ரூபாய் ரிக்கற். நாலுக்குக் கொடுத்தேன்.
கையில் கூடை, கூடைக்குள் சேவல்,
இடது காதுமடல் பாதி இல்லை.
பெயர் கேட்கவில்லை.
பல் நோகிறவன் பெயர் கேட்பானா?

யப்பான்காரன் குண்டு போட்டு ஐந்தாம் நாள்
கிளாக்கர் எமிலியான்பிள்ளை பட்டியலை வாசித்தார்.
பத்தொன்பது: கதிரித்தம்பி இலங்கையர்.
"இருக்கிறேன்" என்றேன், பள்ளிக்கூடத்தில் போல.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"உம்மை வெட்டிப்போட்டு அதிலை ஆரை எழுத?
வெறும் இடத்துக்குக் கொம்பனி காசு தராது."

நூற்றிருபது ரூபாய்.
என் பெண்சாதி சிவக்கொழுந்து
விதவையென்று கைநாட்டு வைத்தாள்.
பக்கத்தில் நான்,
அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு.

பிறகு அந்தக் காசோடு தீவு தீவாய்ப் போனேன்.
வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு.
பாதிக் காதுக்காரனைத் தெரியுமா?
எழுவைதீவில் ஒரு படலையடியில்
ஒருத்தி என்னை நெடுநேரம் பார்த்தாள்,
பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தை.
"அவர் கண்டிக்கெல்லோ போனவர்" என்றாள்.
"கப்பலிலை இல்லை. ரெயிலிலை."
காது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
படலையைச் சாத்திக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
முற்றத்தில் ஆறேழு பேட்டுக்கோழிகள்
கிளறிக்கொண்டு நின்றன.
சேவல் இல்லை.

காசு கொக்கோத் தகரத்துக்குள் கிடக்கிறது.
சிவக்கொழுந்து அதைத் தொட மாட்டாள்.
வருசத்தில் ஒருநாள் எடுத்து எண்ணுகிறேன்:
நூற்றிருபத்தி நாலு.