முட்டு

தோர்ன்மியர் கேபினை இடிக்க
நான்கு மணி நேரம் லைன் பிளாக் கொடுத்தார்கள்.
இரண்டே முக்காலில் முடித்தான் ரிமான்டாஸ்.
மீதி நேரம் பொக்லைனுக்குள்ளேயே தூங்கினான்.

முந்தின நாளே உள்ளே காலி செய்தாயிற்று.
கழற்றியதை எழுதுவது என் வேலை:
லீவர் முப்பத்தொன்று, மணி இரண்டு, கெட்டில் ஒன்று.
பதிவேட்டு மேசையைத் தூக்கினோம்.
வடக்குக் காலுக்கு அடியில்
நாலு விரல் உயரத்துக்கு முட்டு.

ஃபென் மண் அப்படி. கரிச்சேறு.
பம்பு வைத்து நீரை இறைத்து
உருளைக்கிழங்கு போட்டார்கள்,
நிலம் வற்றி வற்றி இறங்கியது.

1894. ஒபதையா பர்கிஸ் கம்பெனிக்கு எழுதினார்:
மேசையில் பென்சில் நிற்பதில்லை, ஐயா.
இன்ஜினியர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.
கூடம் கோணல் இல்லையாம்,
ஆடுகிறவர்தான் கோணலாம்.
பர்கிஸ் ஓக் கட்டையைச் சீவிச் செருகினார்.
அதுதான் கீழ்வரிசை.

மேலே, எட்டாய் மடித்த காகிதம்.
போர்க்காலம் முழுக்க இரவுப் பணி பார்த்த
ஹெப்சிபா கிராஸ்பிக்கு வந்தது:
ஆண்கள் திரும்பிவிட்டார்கள்,
வெள்ளியோடு நின்றுகொள்ளவும், நன்றி.
வெள்ளி வரை
அவள் பென்சில் உருளவில்லை.

பிறகு ஓட்டுச் சில்லு, சைக்கிள் பிரேக் ரப்பர்,
ஒரு டோமினோ,
உச்சியில் பிளாஸ்டிக் உறை போட்ட
பாதுகாப்பு அறிவுரை.

நாற்பத்தேழு மார்ச்சில் வெள்ளம்.
நாலாம் படி வரை நீர்.
நனைந்த மண் உப்பிக் கேபினை நிமிர்த்திவிட்டது.
பென்சில் தெற்கே ஓடியது.
முட்டுகளை உருவி ஜன்னலில் அடுக்கினார் செட்ரிக் நோப்ஸ்.
பதிவேட்டின் ஓரத்தில் 'இன்று நேர்' என்று எழுதினார்,
பத்தொன்பது நாள், தினமும்.
இருபதாம் நாள் ஓரம் வெறுமை.
திரும்பச் செருகும்போது வரிசை மாறியிருக்கலாம்.
நான் சொன்ன வரலாற்றை
அந்த அளவுக்கே நம்புங்கள்.

கேபினை மூடும்போது
மணி ஏழு, ஐந்து, ஐந்து அடிக்க வேண்டும், விதி.
கம்பி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.
என் பட்டியலில் முட்டுக்குக் கட்டம் இல்லை.
டோமினோவை ரிமான்டாஸ் எடுத்துக்கொண்டான்,
மற்றதெல்லாம் குப்பை லாரியில்.

இப்போது அங்கே ஒரு சாம்பல்நிறப் பெட்டி.
பதினோரு மீட்டர் இரும்பு இறக்கி நிறுத்தியது. சாயாது.
நிலம்தான் அதை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது.
கதவுப் படிக்குக் கீழே இன்னொரு படி வேண்டுமென்று
போன வாரம் எங்களைக் கூப்பிட்டார்கள்.
ரிமான்டாஸ் கல்லை வைத்தான்.
ஆடுகிறது, என்றேன்.
சட்டைப்பையில் கைவிட்டுத்
துழாவினான்.